பச்சரிசி மாவுல பீசா: கோதுமை ஆகாத பிள்ளைக்கும், கூட உக்காந்து சாப்பிடற எல்லாருக்கும்

கோதுமை இல்லாம பீசா செய்ய முடியுமான்னு கேட்டா, முடியும், தாராளமா முடியும். வெளிநாட்டு பாக்கெட் மாவு எதுவும் தேவையில்ல, மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் டவுன்ல மளிகைக் கடையில கிடைக்கிற சாமானை வச்சே செஞ்சிடலாம். ஆனா ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், செய்யறதா இருந்தா வீட்டுல எல்லாருக்கும் அதையே செய்ங்க. கோதுமை ஆகாத பிள்ளைக்கு ஒரு பீசா, மத்தவங்களுக்கு மைதா பீசான்னு ரெண்டு வகை வேணாம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

எங்க அண்ணன் மகளுக்கு சீலியாக். இப்ப ஆறாம் ஆண்டு படிக்கிறா. அவளுக்கு இந்த நோய்னு தெரிய வந்தப்போ எங்க சொந்தக்காரங்க யாருக்கும் அந்தப் பேரே புதுசு. வயிறு உப்பிக்கும், அடிக்கடி வயித்தால போகும், சாப்பிடறது எதுவும் உடம்புல ஒட்டாது, கூடப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் மளமளன்னு வளர இவ மட்டும் அப்படியே நின்னுட்டா, மொகம் வேற வெளுத்துப் போயிருக்கும். பூச்சி மருந்து கொடுத்துப் பாத்தாச்சு, ரத்தம் ஊற இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துப் பாத்தாச்சு, கண்ணு பட்டுருச்சுன்னு அம்மா உப்பு மொளகா சுத்திப் போட்டாங்க. கடைசியில ஈப்போவுல ஒரு வயித்து டாக்டர்தான் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லி, அப்புறம் வாய் வழியா குழாய் விட்டு சிறுகுடல்ல இருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பாத்து இதுதான்னு உறுதியா சொன்னாரு.

நெறைய பேரு இதை அலர்ஜின்னு நெனச்சுக்கிறாங்க, அது வேற. கோதுமை, பார்லி, ரை இதுல எல்லாம் க்ளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு, சீலியாக் உள்ளவங்க அதைச் சாப்பிட்டா அவங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே அவங்க சிறுகுடலைத் தாக்குது, சத்தை உறிஞ்சற அந்தக் குட்டிக் குட்டி குடலுறிஞ்சிகள் எல்லாம் தேஞ்சு தட்டையாயிடுது. அதனாலதான் எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து சேராம ரத்தம் கொறைஞ்சு போகுது. இதைக் குணப்படுத்த மாத்திரை மருந்து கிடையாது, க்ளூட்டனை வாழ்நாள் பூரா தொடாம இருக்கிறது ஒண்ணுதான் வைத்தியம். ஆனா அப்படி இருந்தா குடல் தானா ஆறிடும், எங்க பிள்ளை இப்ப நல்லா தேறி ஓடி ஆடுது, அதை நான் கண்ணால பாக்கறேன். உங்க வீட்டுல யாருக்காவது சந்தேகம் இருந்தா பரிசோதனை எடுக்கிறதுக்கு முன்னாடியே கோதுமையை நிறுத்திடாதீங்க, நிறுத்திட்டா ரத்தத்துல ஒண்ணும் தெரியாம போயிடலாம், முதல்ல டாக்டரைப் பாருங்க.

நாம சோறு திங்கிறவங்கதானே, கோதுமையை விடறது என்னா பெரிய கஷ்டம்னு கேப்பாங்க. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, மீஹூன் எல்லாம் இருக்கே. இருக்குதான். ஆனா கோதுமை எங்கெங்க ஒளிஞ்சிருக்குன்னு ஒரு தடவை தேடிப் பாத்தீங்கன்னா தலை சுத்திடும். கோயில்ல கொடுக்கிற கேசரி ரவையில செஞ்சது, பாயாசத்துல சேமியா, மைலோவுலயும் ஹார்லிக்ஸ்லயும் பார்லி மால்ட், கீச்சாப்ல (சோயா சாஸ்) கோதுமை, சோசேஜ் நகெட் மீன் உருண்டைன்னு பாக்கெட்ல வர்ற பலதுல மாவு. இதை எல்லாம் விட எனக்கு அதிர்ச்சியா இருந்தது பெருங்காயம். கடையில விக்கிற பெருங்காயத்தூள் பலதும் கோதுமை மாவு கலந்துதான் வருது, டப்பாவைத் திருப்பிப் பாத்தா சின்ன எழுத்துல போட்டிருக்கும். ரசத்துக்கும் சாம்பாருக்கும் கை தன்னால எடுத்துப் போடற சாமான் அது. நம்ம நாட்டு 1985 உணவு விதிமுறைப்படி க்ளூட்டன் உள்ள தானியம் சேத்திருந்தா லேபிள்ல சொல்லியாகணும், அதனால லேபிளைப் படிக்கப் பழகிட்டா பாதி வேலை முடிஞ்சுது. வெளியில சாப்பிடறதுதான் சிரமம், ரொட்டி சானாய் (மைதா பரோட்டா) போடற கல்லுலயே தோசையும் ஊத்துவாங்க, தோசை மாவுல கொஞ்சம் மைதா கலக்கிற கடையும் உண்டு. கேட்டுத்தான் சாப்பிடணும், கேக்க வெக்கப்படக் கூடாது.

பீசா எதுக்குன்னா, பிறந்தநாள்னாலே இப்ப பிள்ளைங்களுக்கு பீசாதான். பக்கத்து வீட்டுல, டியூஷன்ல, ஸ்கூல் ஆண்டு முடிவுல, எங்க போனாலும் அந்த சதுரப் பெட்டி வந்துடும். எல்லாரும் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்து சீஸை இழுத்து இழுத்து சாப்பிடும்போது எங்க பிள்ளை டப்பாவுல கொண்டு போன இட்லியைத் திறக்காம மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. ஒருத்தரும் அவளைக் கேலி பண்ணல, நல்ல பிள்ளைங்கதான், ஆனா அவளுக்குப் பசி இல்லாம போயிடுச்சு. வீட்டுக்கு வந்து எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அத்த, அரிசியில பீசா செஞ்சா சீஸ் இழுக்குமா?" சீஸ் பால்ல இருந்து வர்றது, அதுக்கும் கோதுமைக்கும் சம்பந்தமே இல்ல, இழுக்காம என்ன செய்யும், நல்லா இழுக்கும்னு சொன்னேன். அன்னைக்கே இதைக் கத்துக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்.

பீசாவுக்குப் பேர் போன நேப்பிள்ஸ்ல பீசா சுடற கலையையே 2017ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க. அதே இத்தாலியில சீலியாக் உள்ளவங்க க்ளூட்டன் இல்லாத சாப்பாடு வாங்கறதுக்கு அரசாங்கம் மாசாமாசம் உதவித்தொகை கொடுக்குது, 2005ல அதுக்குன்னு சட்டமே போட்டிருக்காங்க, 2023ல பிள்ளைங்க எல்லாருக்கும் இந்த நோய் இருக்கான்னு பரிசோதிக்கவும் சட்டம் கொண்டு வந்தாங்க. மூணு வேளையும் கோதுமை சாப்பிடற நாட்டுலயே இவ்வளவு அக்கறை எடுத்துக்கிறாங்கன்னா அரிசி சாப்பிடற நம்மளால ஒரு பிள்ளைக்கு வழி பண்ண முடியாதா என்ன.

ஈப்போவுல பெரிய சூப்பர்மார்க்கெட்ல க்ளூட்டன் இல்லாத மாவு கலவை வெளிநாட்டுல இருந்து வந்தது விக்கிறாங்க, ஒரு சின்ன பாக்கெட் இருபது ரிங்கிட்டுக்கு மேல. அண்ணன் செம்பனைத் தோட்டத்துல வேலை, வாரா வாரம் அதை வாங்கிக் கட்டுப்படியாகாது. அந்த பாக்கெட்டைத் திருப்பி என்னா போட்டிருக்கான்னு படிச்சுப் பாத்தா அரிசி மாவு, மரவள்ளி மாவு, இசப்கோல் அல்லது சாந்தன் கம்னு ஒரு பசைத்தூள். அட, இதுல முதல் ரெண்டும் நம்ம சீனர் மளிகைக் கடையில மலிவா அடுக்கி வச்சிருக்கிற சாமான்தானே. தாய்லாந்துல இருந்து யானை படம் போட்டு வருமே, சிவப்பு பாக்கெட் அரிசி மாவு, கூடவே பச்சை பாக்கெட் புளூட் மாவு, அதான் ஒட்டற அரிசி மாவு, அதையும் வாங்கிக்கலாம். புளூட் அரிசி எவ்வளவுதான் பிசுபிசுன்னு இருந்தாலும் அதுல க்ளூட்டன் கிடையாது, அதுல இருக்கிறது ஒட்டற வகை மாவுச்சத்து மட்டும்தான், பயப்படாம சேக்கலாம். இசப்கோல் உமி இந்திய மளிகைக் கடையிலயும் மருந்துக் கடையிலயும் கிடைக்கும், மலச்சிக்கலுக்கு வாங்குவாங்களே அதேதான், ஆரஞ்சு வாசம் சக்கரை எல்லாம் சேத்தது வேணாம், வெறும் உமியா வாங்குங்க.

மரவள்ளி மாவுன்னு சொன்னதும் எங்க அம்மாவுக்கு மொகம் சுருங்கிடுச்சு. அம்மா இருபது வயசுலேர்ந்து கித்தா மரத்துல, அதான் ரப்பர் மரத்துல பால் வெட்டினவங்க, அவங்களோட அம்மா ஜப்பான்காரன் காலத்துல தோட்டத்துல அரிசி இல்லாம லயத்துக்குப் பின்னாடி மரவள்ளி நட்டு மூணு வேளையும் அதையே அவிச்சுத் தின்னு உயிர் பொழைச்சவங்க. 1942லேர்ந்து 45 வரைக்கும் அந்தப் பாடு. பாட்டி கடைசி வரைக்கும் மரவள்ளியை வாயில வச்சதில்லையாம், அம்மாவும் வீட்டுக்கு வாங்க மாட்டாங்க. நான் அவங்ககிட்ட இன்னொரு கதை சொன்னேன், அதே யுத்தத்துல நடந்தது. ஹாலந்துல வில்லெம் டிக்கென்னு ஒரு குழந்தை டாக்டர் இருந்தாரு, சீலியாக் பிள்ளைங்களுக்கு கோதுமைதான் ஆகலன்னு அவருக்கு 1930கள்லயே சந்தேகம். 1944-45 குளிர் காலத்துல ஜெர்மன்காரங்க சாப்பாடு வர்ற வழியை அடைச்சதுல அந்த நாட்டுல பெரிய பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காம ஜனங்க துலிப் பூவோட கிழங்கைத் தின்னாங்க, அத்தனை பேரும் வாடின அந்தப் பஞ்சத்துல சீலியாக் பிள்ளைங்க மட்டும் தேறி வந்துச்சு, பஞ்சம் தீர்ந்து ரொட்டி வந்ததும் திரும்பப் படுத்துருச்சு. 1950ல அவரு இதை எல்லாம் ஆராய்ச்சி பண்ணி எழுதினதுக்கப்புறம்தான் கோதுமையை நிறுத்தற வைத்தியமே உலகத்துக்குத் தெரிஞ்சுது. அம்மா முழுசா கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "சரி, பிள்ளைக்கு நல்லதுன்னா வாங்கிட்டு வா"ன்னாங்க. இப்ப எங்க வீட்டுல மரவள்ளி மாவு எப்பவும் இருக்கும்.

சரி, செய்முறைக்கு வர்றேன். முதல்ல மனசுல வாங்க வேண்டியது, இது சப்பாத்தி மாவு இல்ல. கோதுமையில க்ளூட்டன் தண்ணி பட்டதும் வலை மாதிரி பின்னிக்கும், பிசைய பிசைய இழுபடும், ஈஸ்ட் விடற காத்தை அந்த வலை பிடிச்சு வச்சுக்கும், அதான் ரொட்டி உப்பறது. அரிசியில அந்த வலை கிடையாது, நீங்க ஒரு மணி நேரம் பிசைஞ்சாலும் வராது. அந்த வேலையை இசப்கோல்தான் செய்யுது, தண்ணியில போட்டா கொழகொழன்னு கூழா திரண்டு காத்தைப் பிடிச்சு வச்சுக்கும். அதனால பிசையறதுக்கு மெனக்கெட வேணாம், தண்ணி மட்டும் நெறைய வேணும், மாவு எடைக்கு சமமா, இல்லாட்டி அதுக்கும் கொஞ்சம் மேலயே. மாவு கையில ஒட்டுதேன்னு பயந்து இன்னும் மாவைக் கொட்டினீங்கன்னா வெந்ததும் பீசா கல்லாயிடும்.

பத்து அங்குலத்துல ரெண்டு பீசாவுக்கு என் அளவு இதுதான். அரிசி மாவு 240 கிராம், மரவள்ளி மாவு 120 கிராம், புளூட் மாவு 40 கிராம், இசப்கோல் உமி 20 கிராம், ஈஸ்ட் 8 கிராம் (கடையில விக்கிற 11 கிராம் பாக்கெட்ல முக்கால்வாசி), சீனி ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, எண்ணெய் ரெண்டு மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணி 430 மில்லி. இதுக்கு தராசு வேணும், குட்டி டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கிக்குங்க, கப்புல அளந்தா அரிசி மாவு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடைக்கு வரும். தண்ணி கை விட்டா சூடு தெரியணும், சுடக் கூடாது, சுடற தண்ணியில ஈஸ்ட் செத்துடும். கால் கப்பு தண்ணியில சீனியும் ஈஸ்ட்டும் போட்டு பத்து நிமிஷம் வச்சா நுரை கட்டும், நுரை வரலன்னா அந்த ஈஸ்ட் பழசு, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும். மிச்சத் தண்ணியில இசப்கோலைத் தூவிக்கிட்டே கரண்டியால விடாம அடிக்கணும், மொத்தமா கொட்டினா கட்டி கட்டியா நின்னுடும். அஞ்சு நிமிஷத்துல கூழாயிடும். மாவு மூணையும் உப்போட கலந்து, அதுல ஈஸ்ட் தண்ணி, இசப்கோல் கூழு, எண்ணெய் ஊத்தி மரக்கரண்டியால நல்லா கலக்கி விட்டுட்டு மூடி வச்சிடுங்க.

பதம் எப்படி இருக்கணும்னா கொழுக்கட்டை மாவை விட தளர்வா, வடை மாவை விட கெட்டியா, கரண்டியைத் தூக்கினா கூடவே வரணும் ஆனா ஒழுகக் கூடாது. அரிசி மாவு தண்ணி குடிக்க நேரம் எடுக்கும், உடனே சுட்டா நறநறன்னு பல்லுல கடிபடும், அதனால இந்த ஊறல் ரொம்ப முக்கியம். நம்ம ஊரு வெக்கைக்கு நாப்பது நிமிஷம் போதும், மழை பெஞ்சு குளுகுளுன்னு இருந்தா ஒரு மணி நேரம். மைதா மாவு மாதிரி ரெண்டு மடங்கா பொங்கும்னு காத்திருக்காதீங்க, ஒன்றரை மடங்கு வந்தா போதும், ரொம்ப நேரம் விட்டா சுடறப்போ நடுவுல அமுங்கிடும்.

இப்ப தட்டற வேலை, இது எங்க வீட்டுல அம்மாவோடது, நான் கிட்ட போக மாட்டேன். கொல்லையில இருந்து வாழையிலை வெட்டி அடுப்புத் தணல்ல ரெண்டு பக்கமும் லேசா வாட்டிடுவாங்க, வாட்டினா கிழியாது. இலைக்கு எண்ணெய் தடவி மாவுல பாதியை நடுவுல வச்சு, பக்கத்துல ஒரு கிண்ணத்துல தண்ணி, விரலைத் தண்ணியில தொட்டுத் தொட்டு நடுவுல இருந்து வெளிப்பக்கமா தள்ளிக்கிட்டே போவாங்க. உள்ளங்கையே படாது, மூணு விரல் நுனி மட்டும். ஓரத்துல வந்ததும் கையை நிறுத்தி, இடது கை விரலை அணையா வச்சு வலது கையால மாவை அது மேல ஒதுக்கி ஒரு சுத்து சுத்துவாங்க, ஓரம் தடிப்பா எழும்பி நிக்கும், சாஸ் வழியாது. பால் மரத்துல கோடு போட்ட விரல் அது, எங்க எவ்வளவு அழுத்தணும்னு அதுக்குத் தெரியும். அடை தட்டத் தெரிஞ்ச எந்த அம்மாவுக்கும் இது வரும், பூரிக்கட்டையைத் தொடவே வேணாம். வாழையிலை கிடைக்காதவங்க கேக் சுடற தாள்ல தட்டிக்கலாம், ஆனா இலையில தட்டினா ஒரு வாசம் வருது பாருங்க, அது தாள்ல வராது. தட்டினதை அப்படியே இன்னொரு பதினஞ்சு நிமிஷம் விட்டுடுங்க.

ஓவனை 230 டிகிரிக்கு அரை மணி நேரம் முன்னாடியே போட்டுடணும், கனமான ட்ரேயைக் கவுத்து உள்ள வச்சு அதையும் சேத்து சூடு பண்ணணும். இலையோட மாவை அந்த சூடான ட்ரே மேல வச்சு முதல்ல வெறும் மாவை மட்டும் எட்டு பத்து நிமிஷம் சுடணும். சாஸ் சீஸ் எதுவும் வைக்காம. இதைத் தயவு செஞ்சு விட்டுடாதீங்க, அரிசி மாவுல தண்ணி ஜாஸ்தி, ஒரே தடவையா எல்லாம் வச்சு சுட்டா மேல சீஸ் கருகிடும் அடியில மாவு களியா நிக்கும். மாவு மேல தோல் கட்டி தொட்டா ஒட்டாம ஆனதும் வெளிய எடுத்து இலையை உரிச்சிடுங்க, லேசா உரிஞ்சு வரும். அடிப்பக்கம் வெளிறின மாதிரி இருக்கும், அரிசி மாவு சீக்கிரம் செவக்காது, ஓரத்துல எண்ணெய் தடவி விட்டா நல்லா நிறம் பிடிக்கும். அப்புறம் சாஸ் தடவி மேல வைக்கிறது எல்லாம் வச்சு நேரா சூடான ட்ரேயில இன்னொரு எட்டு பத்து நிமிஷம்.

சாஸுக்கு கேமரன் மலை தக்காளி, பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) கடைசி நேரத்துல போனா கொஞ்சம் கனிஞ்சதை மலிவா போடுவாங்க, அதுதான் நல்லது. பூண்டை நசுக்கி எண்ணெயில வதக்கி, தக்காளியைத் தோல் உரிச்சுப் போட்டு உப்பு சேத்து தண்ணி வத்தற வரைக்கும் சுண்ட விடணும், கரண்டியால இழுத்தா சட்டியோட அடி தெரியணும். தண்ணியா இருந்தா மாவு ஊறிடும். மேல வைக்கிறதுக்கு சோசேஜ் வேண்டாம், அதுல என்ன மாவு இருக்குன்னு ஒவ்வொரு பாக்கெட்டா படிச்சுக்கிட்டு இருக்க முடியாது. எங்க வீட்டுல நெத்திலி சம்பல் சுண்ட வச்சது, அன்னாசி, பெரிய வெங்காயம். அண்ணன் வந்தா கோழிப் பிரட்டலை பிச்சுப் போட்டு செய்வோம், மசாலாத் தூளை நாங்களே வறுத்து மில்லுல அரைச்சது, அதுவும் மில்லுல எங்களுக்கு முன்னாடி யாரு கோதுமை அரைச்சாங்கன்னு தெரியாதுன்னு இப்ப வீட்டு மிக்சியிலயே அரைச்சுக்கிறோம். சீஸ் மொசரெல்லா கட்டியா வாங்கித் துருவிக்குங்க, துருவின பாக்கெட்ல ஒட்டாம இருக்க மாவு தூவியிருப்பாங்க, வாங்கினா லேபிளைப் பாருங்க.

ஏன் எல்லாருக்கும் ஒரே பீசான்னு ஆரம்பத்துல சொன்னேன்ல, அதுக்கு வர்றேன். க்ளூட்டன் இல்லாததுன்னு ஒரு சாப்பாட்டைச் சொல்லணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் இருக்கக் கூடாதுங்கிறதுதான் உலக அளவு. 20 மில்லிகிராம்னா எவ்வளவு, ஒரு சிட்டிகை மைதாவே அதைத் தாண்டிடும். மைதாவைக் கொட்டிப் பிசைஞ்சா அது காத்துல பறந்து மேடை, அலமாரி, துடைக்கிற துணி எல்லாத்துலயும் உக்காந்துக்கும். அந்த அடுப்படியில, அந்த ஓவன்ல, அந்தக் கரண்டியில பிள்ளைக்குத் தனியா எவ்வளவு சுத்தமா செஞ்சாலும் என்னால நிம்மதியா கொடுக்க முடியாது. சப்பாத்தி சுட்ட இரும்புக் கல்லு, மரப் பலகை, பூரிக்கட்டை, மாவு சலிக்கிற சல்லடை, இதெல்லாம் எவ்வளவு கழுவினாலும் இடுக்குல நிக்கும். அண்ணி அதை எல்லாம் எடுத்து அக்கம்பக்கத்துல கொடுத்துட்டு புதுசு வாங்கினாங்க, செலவுதான், ஆனா ஒரு தடவை பண்ற செலவு.

அடுப்படிக் காரணம் இது. இன்னொண்ணும் இருக்கு, எனக்கு அதுதான் பெருசு. ஒரே மேசையில எல்லாரும் மைதா பீசா சாப்பிட இவளுக்கு மட்டும் தனித் தட்டுல வேற ஒண்ணை வச்சா, அது எவ்வளவு ருசியா இருந்தாலும் அது மருந்துதான். எல்லாரும் ஒரே ட்ரேயில இருந்து பிச்சு எடுத்து சாப்பிட்டா அது பீசா. அவளோட தம்பிங்க ரெண்டு பேரும் இப்ப அரிசி பீசாவுக்குத்தான் சண்டை போடறாங்க, ஓரத்துல மொறுமொறுன்னு இருக்கிற துண்டு யாருக்குன்னு. போன பிறந்தநாளுக்கு அவ வகுப்புப் பிள்ளைங்களையும் கூப்பிட்டோம், யாருகிட்டயும் இது கோதுமை இல்லாததுன்னு சொல்லல, கேக்கவும் இல்ல, ட்ரே ட்ரேயா போச்சு. அவ சீஸை கைக்கு எட்டற உயரம் வரைக்கும் இழுத்துக் காட்டிட்டு அடுத்த துண்டு எடுக்கப் போயிட்டா.

ஓவன் இல்லாதவங்க விட்டுடாதீங்க, தோசைக் கல்லுலயும் வரும். கோதுமை படாத தனிக் கல்லா இருக்கணும், அவ்வளவுதான். மாவைக் கொஞ்சம் மெலிசா தட்டி, எண்ணெய் விட்டு மிதமான தீயில மூடி போட்டு ஆறு நிமிஷம், திருப்பிப் போட்டு மூடாம மூணு நிமிஷம், திரும்பவும் திருப்பி செவந்த பக்கம் மேல வர்ற மாதிரி வச்சு சாஸ், சீஸ் எல்லாம் போட்டு தீயைக் கொறைச்சு மூடி வச்சா சீஸ் உருகிடும். மூடியில சேர்ற தண்ணி சீஸ் மேல சொட்டாம இருக்க மூடிக்கு ஒரு துணி கட்டிக்குங்க, துணியோட நுனி தீப்பக்கம் தொங்காம மேல முடிச்சு போட்டுக்கணும்.

சூடா சாப்பிடணும். அரிசி மாவுச்சத்து ஆறினா இறுகிடும், பழைய இட்லி விறைக்கிற மாதிரிதான், ஆனா திரும்ப சூடு பண்ணா இளகிடும். மைக்ரோவேவ்ல வைக்காதீங்க, ரப்பரா இழுக்கும், கல்லுல ரெண்டு சொட்டு தண்ணி தெளிச்சு மூடி போட்டு சூடு பண்ணுங்க. நான் ஞாயித்துக் கிழமையில ரெண்டு மடங்கு மாவு கலந்து முதல் சூட்டுல வெந்த அடித்தட்டை எல்லாம் ஆற வச்சு நடுவுல தாள் போட்டு அடுக்கி ஃப்ரீசர்ல வச்சிடறேன், ஒரு மாசம் வரைக்கும் தாங்குது. யாராவது பிறந்தநாளுக்குக் கூப்பிட்டா காலையில ரெண்டு தட்டை வெளிய எடுத்து வச்சுட்டு சாயங்காலம் சாஸும் சீஸும் போட்டு சுட்டு, அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கும் சேத்து கொடுத்து அனுப்பறேன். இசப்கோல் உமி மட்டும் கைவசம் எப்பவும் ரெண்டு பாக்கெட் வச்சுக்குங்க, இந்த டவுன்ல திடீர்னு தீந்து போயிடுது.